கேட்கும் முன்பே நன்றி

ஜனவரி 4

ஒப்பந்தக்காரர்கள் கொண்டுவந்த புத்தாண்டு டைரிகளில் தோல் அட்டை போட்டதெல்லாம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டது. முருகன் படம் போட்ட ஒன்று எனக்கு மிஞ்சியது. வெள்ளைத் தாளைச் சும்மா விடுவானேன் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் என்று நான் சொல்வது நெடுங்கரை எம்.எல்.ஏ. சோலைமலையை. நான் அவருடைய உதவியாளன் தவசி. ஊரில் என் பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள், ரேஷன் கடையில்கூட நான் பி.ஏ.தான். என் மனைவி செல்வராணி கோபம் வந்தால் மட்டும் "பி.ஏ. சார்" என்று ஒரு சார் சேர்த்துக்கொள்வாள். இன்று காலையே சேர்த்தாயிற்று. பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே அலைகிறாயே, வீட்டுக்குள் என்ன திருடனா இருக்கிறான் என்று கேட்டுவிட்டேன்.

மகள் திருச்சியில் ஹாஸ்டலில் படிக்கிறாள். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேரும் மாடியறையில் என் தம்பி அழகுவும்தான். தம்பி செல்போன் கடை வேலையை விட்டுவிட்டு வேறு நல்ல வேலை தேடிக்கொண்டிருக்கிறான்.

ஜனவரி 9

திங்கட்கிழமை என்றால் மனு நாள். பட்டா, முதியோர் பென்ஷன், மருமகன் மேல் புகார் என்று வழக்கமான கூட்டம். நடுவில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒன்றாக வந்தார்கள். முன்னால் நின்றவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி மாவு விற்கும் நூர்ஜகான் அக்கா. அவர் குரலுக்கு மைக் தேவையில்லை.

"நம்ம கவர்மென்ட் ஆஸ்பத்திரில போதை மீட்புக்குன்னு ஒரு வார்டு வேணும் எம்.எல்.ஏ. சார். தங்க வெச்சுப் பாக்க ஒரு டாக்டரு. அப்புறம் பள்ளிக்கூடத்துல பிள்ளைக கெடுறதுக்கு முந்தியே எடுத்துச் சொல்ல ஆளு. இங்கெருந்து மதுரைக்கு ரெண்டு பஸ் மாறணும். மாத்திரை போட்டுப் பழகின பயலை ரெண்டு பஸ் மாத்திக் கூட்டிட்டுப் போறது எவ்வளவு கஷ்டம்னு தெரியுமா? முத பஸ்லயே எறங்கி ஓடிர்றாய்ங்க. போலீசு புடிச்சிட்டுப் போக வண்டி இருக்கு. கொணமாக்கக் கூட்டிட்டுப் போக ஒண்ணும் இல்ல. நீங்க சட்டசபைல பேசணும்."

அண்ணன் கும்பிட்டார், சிரித்தார், ஆவன செய்வதாகச் சொன்னார். அவர்கள் படியிறங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"ஏய்யா, ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. எந்திரிச்சு என் தொகுதில போதை இருக்குன்னா என்னய்யா ஆகும்? வெறும் வாய மெல்றவனுக்கு அவல் குடுத்த மாதிரி ஆயிரும். எதிர்க்கட்சிக்காரன் ஒரு வாரம் மெல்லுவான். நம்ம தொகுதில அந்தப் பிரச்சினையே கெடையாது. என்ன?"

"கெடையாதுண்ணே" என்றேன். அதற்குத்தானே என்னை வைத்திருக்கிறார்.

கேட் வரை போய் வழியனுப்பினேன். நூர்ஜகான் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்க வீட்டுக்கும் சேத்துத்தான் தம்பி கேக்குறேன்" என்றார். எதைச் சொன்னார் என்று தெரியவில்லை. மாவைப் பற்றி இருக்கும்.

ஜனவரி 10

அழகுவின் பைக் ரிப்பேருக்குப் போயிருக்கிறதாம். நல்ல பைக். ரிப்பேர் வந்ததே இல்லை.

ஜனவரி 23

மூன்றாவது திங்களாக அந்தப் பெண்கள் வந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் சால்வை இல்லாமல் யாரும் எம்.எல்.ஏ.வைப் பார்க்க வருவதில்லை. இவர்கள் சால்வைக்குப் பதிலாக ஒரு தூக்குவாளி நிறைய மாவோடு வந்தார்கள். "சால்வை அலமாரிக்குப் போயிரும், மாவுன்னா வயித்துக்குப் போகும்" என்றார் நூர்ஜகான் அக்கா. பேச்சில் நியாயம் இருந்தது.

அண்ணன் சென்னை போயிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அண்ணன் தும்மினார். அண்ணன் தும்மினால் மூன்று தும்மல். மூன்றும் வந்து முடியும்வரை எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தோம்.

"சென்னைல சளி புடிச்சிருக்கும்போல. பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அக்கா கிளம்பினார். பின்னால் வந்த பெண்களெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. மாவு உண்மையிலேயே நல்ல மாவு, மத்தியானம் அண்ணன் ஆறு இட்லி சாப்பிட்டார்.

ஜனவரி 26

கொடியேற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால் அழகு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடக்கிறான். மூக்கு ஒழுகுகிறது, வாந்தி வேறு. அந்த வேர்வையிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறான். விஷக் காய்ச்சல் என்று செல்வராணியிடம் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். பார்த்தால் ஆச்சா? கஞ்சி வைக்கச் சொன்னேன்.

சாயங்காலம் அவனே எழுந்து வெளியே போய் வந்தான். காய்ச்சல் சொல்லிவைத்தாற்போல் நின்றுவிட்டது. இந்தக் காலத்துக் காய்ச்சலே தனி தினுசு.

ஜனவரி 30

அண்ணன் பேரனுக்கு முதல் பிறந்தநாள். அதற்கு அடிக்கக் கொடுத்த ஃப்ளெக்ஸ் பேனரை வாங்கிவரக் கிருபாகரனின் அச்சுக்கடைக்குப் போனேன். கிருபாகரன் நல்ல தொழில்காரன், ஆனால் அவன் கம்ப்யூட்டரில் மூன்றே மாதிரிதான் உண்டு. ஒன்று வாழ்த்து, ஒன்று நன்றி, ஒன்று கண்ணீர் அஞ்சலி. ஊருக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

நூர்ஜகான் அக்கா கூட்டம் ஆஸ்பத்திரி வாசலில் கட்ட ஒரு ஃப்ளெக்ஸ் கேட்டிருக்கிறார்களாம். 'போதை மீட்பு வார்டு பெற்றுத்தர எம்.எல்.ஏ.வை வேண்டுகிறோம்' என்று வரவேண்டும். கிருபாகரன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"வேண்டுகிறோம்னு ஒரு டிசைனே என்கிட்ட இல்ல பி.ஏ. சார். எம்.எல்.ஏ. படத்தைப் போட்டுட்டுக் கீழ நன்றி போடலன்னா மரியாதையா இருக்குமா? எந்த மாதிரில ஏத்துறது?"

டீ சொன்னான், குடித்தேன். பொதுவாக நாலு விஷயம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு பிறந்தநாள் ஃப்ளெக்ஸை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வேறு விசேஷமில்லை.

பிப்ரவரி 1

இன்று காலையில் ஊரே ஆஸ்பத்திரி வாசலில்தான். பெரிய ஃப்ளெக்ஸ். அண்ணன் கைகூப்பிச் சிரிக்கிறார். மீசை கன்னங்கரேலென்று இருக்கிறது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்:

'நெடுங்கரை அரசு மருத்துவமனைக்குப் போதை மீட்பு சிகிச்சைப் பிரிவு பெற்றுத்தந்த எங்கள் அண்ணனுக்கு நன்றி! நன்றி! நன்றி!'

இவண், நெடுங்கரைத் தாய்மார்கள்.

தாய்மார்களுக்கே மூச்சு நின்றுவிட்டது. "நாங்க இன்னும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்? அதுக்குள்ள வாங்கிட்டோமா?" என்று ஒரு அம்மா கேட்டார். நூர்ஜகான் அக்கா மட்டும் ஃப்ளெக்ஸை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், "சரி, ஆரம்பிங்கடி" என்று லட்டு வாங்கிவரச் சொல்லிவிட்டார்.

பத்து மணிக்குள் அண்ணன் வீட்டு வாசலில் ஆட்டோ சங்கம், வியாபாரிகள் சங்கம், பாதிரியார், பள்ளிவாசல் ஜமாத் என்று வரிசை. எல்லோர் கையிலும் சால்வை. அண்ணன் அத்தனையையும் தோளில் வாங்கிக்கொண்டு, ஜவுளிக்கடைப் பொம்மை போல நின்று சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் வந்ததும்தான் ருத்ரதாண்டவம்.

"எவன்யா வெச்சான் அதை? கிழிச்சுப் போடுங்கய்யா!"

"கிழிக்கலாம்ணே. உங்க படத்தை நீங்களே கிழிச்சீங்கன்னு நாளைக்குப் பேப்பர்ல வரும்" என்றேன், பணிவாகத்தான்.

பிப்ரவரி 2

மாவட்டச் செயலாளர் போன். "சோலைமலை, எனக்கே சொல்லாம சாதிச்சுட்டியே! நம்ம அமைச்சர்கிட்ட நேர்ல பேசினியா?" அண்ணன், "எல்லாம் உங்க ஆசீர்வாதம்ணே" என்றார். இனிமேல் பின்வாங்க முடியாது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

பிப்ரவரி 4

கிருபாகரனை அண்ணன் கூப்பிட்டு விசாரித்தார். அவன், கம்ப்யூட்டர் கோளாறு என்று சத்தியம் செய்தான். நல்ல பையன். அவன் போன பிறகு அண்ணன் ஃப்ளெக்ஸின் போட்டோவைத் தன் செல்லில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தப் படம் நான் மொத தடவை ஜெயிச்சப்ப எடுத்ததுய்யா. எந்தப் பேப்பர்லயும் வரல. இது ரெண்டே பேர்கிட்டத்தான் இருக்கு. ஒண்ணு என் சம்சாரம்."

நான் மின்விசிறியைப் பார்த்தேன். கொஞ்சம் சத்தம் போடுகிறது, எண்ணெய் விடவேண்டும்.

"மீசை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அண்ணன் செல்லைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 15

மத்தியானம் சாப்பிட உட்காரும்போது வாசலில் ஆட்டோ நின்றது. நூர்ஜகான் அக்காவும் இன்னொரு பெண்ணுமாக அழகுவைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைப் பக்கம் விழுந்து கிடந்தானாம். உதடெல்லாம் நீலம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மூச்சை மீட்டுவிட்டு, மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். இவன் மாட்டேன் என்று எழுந்து நடந்துவிட்டானாம்.

"வெயில் மயக்கம்" என்றேன்.

"ஆமா தம்பி" என்றார் நூர்ஜகான் அக்கா. "மாசியிலயே இந்த வெயில் அடிக்குது. எங்க வீட்ல என் மகன் ஜாஹிருக்கு நாலு வருசம் இதே வெயில்தான் அடிச்சுச்சு. நானும் ஊரெல்லாம் வெயில், வெயில்னுதான் சொன்னேன். வியாதின்னு சொன்ன அன்னைக்குத்தான் அவன் பாதி எந்திரிச்சான். இப்ப என்கூட மாவு அரைக்கிறான். என்னைய விட நைசா அரைக்கிறான், கழுதை."

செல்வராணி ஓவென்று அழுதாள். அக்கா அவளை அணைத்துக்கொண்டார். நான் அழகுவின் சட்டையை மாற்றினேன். முழங்கை மடிப்பில் வரிசையாகத் தழும்புகள். கொசுக்கடி என்று எழுத வந்தேன், பேனா நகரவில்லை.

பிப்ரவரி 16

எழுத ஒன்றுமில்லை. அழகு தூங்குகிறான். மாடிக்கு அடிக்கடி போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 19

பட்ஜெட் முடிந்து மானியக் கோரிக்கை விவாதம் நடக்கிறது. சுகாதாரத் துறைக்கான நாளில் அண்ணனுக்குப் பேச வாய்ப்பு கிடைத்திருக்கிறது. பேச்சை எழுதும் வேலை எப்போதும் போல என்னுடையது.

சட்டசபையில் அண்ணன் பேசும் முறை ஊரறிந்தது. முதலில் தலைவருக்குப் புகழாரம், பிறகு அமைச்சருக்கு, பிறகு மாவட்டத்துக்கு, நடுவில் நாலு வரிக் கவிதை, கைதட்டல். தொகுதிக் கோரிக்கை என்று வாயைத் திறக்கும்போது சபாநாயகர் மணி அடித்துவிடுவார். இப்படியே எங்கள் ரயில்வே மேம்பாலம் மூன்று வருடமாக மணிக்குள் சிக்கிக்கொண்டிருக்கிறது. அதை யாரும் குறையாகவும் நினைப்பதில்லை. எல்லா எம்.எல்.ஏ.க்களும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

இந்த முறை மாற்றி எழுதினேன். முதல் பக்கத்திலேயே வார்டு, டாக்டர், பள்ளிக்கூடங்களுக்கு ஆலோசகர். புகழாரமெல்லாம் கடைசிப் பக்கம்.

அண்ணன் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பந்தில பாயாசத்துக்கு முன்னாடி மோர் ஊத்துறவன் நீ ஒருத்தன்தான்யா."

"பந்தி பாதில எந்திரிச்சிட்டா மோர் கிடைக்காதுண்ணே."

சிரித்தார். ஆனால் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பழைய பாணியில் இன்னொரு பேச்சும் எழுதித் தரச் சொன்னார். அதையும் எழுதினேன். எது பைக்குள் மேலே இருக்கும் என்று தெரியவில்லை. இந்தப் பேச்சு நழுவினால் ஃப்ளெக்ஸ் வெறும் ஃப்ளெக்ஸாகவே வெளுத்துப்போகும். அழகுவும் எங்கும் வரமாட்டேன் என்று மாடியிலேயே கிடப்பான்.

மார்ச் 24

சென்னைக்குக் காரில் வருகிறோம். விழுப்புரம் தாண்டி அண்ணன் திடீரென்று கேட்டார்.

"அழகு எப்படிய்யா இருக்கான்?"

"நல்லா இருக்கான்ணே."

"ம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார். "எனக்கு மொத எலெக்‌ஷன்ல ஒண்ணாம் நம்பர் பூத்துல உக்காந்தவன் அவன். பச்சப்புள்ள. தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கல. எதிரணி ஏஜென்டு வெயில்ல சுருண்டு விழுந்தப்ப, அவன் முகத்துலயும் இவன்தான் தண்ணி தெளிச்சான்."

நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மார்ச் 25

இன்று நடந்ததை வரிசை மாறாமல் எழுதுகிறேன்.

பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தார், துண்டைச் சரிசெய்தார். இரண்டு பேச்சையும் பைக்குள்ளிருந்து எடுத்தார், இரண்டையும் மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, எங்க நெடுங்கரைத் தாய்மார்கள் எனக்கு நன்றி சொல்லி ஒரு ஃப்ளெக்ஸ் வெச்சிருக்காங்க. நான் செய்யாத வேலைக்கு நன்றி. அதுக்கு வாங்கின சால்வை எங்க வீட்ல ஒரு அலமாரி நெறைய இருக்கு. ராத்திரி படுத்தா அந்த அலமாரி என்னையப் பாக்குது."

சபை சிரித்தது. எதிர்க்கட்சி வரிசையில் ஒருவர் எழுந்து, "அப்போ உங்க தொகுதியில் போதை இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறீர்களா?" என்றார். இதுதான், இதற்குத்தான் இத்தனை நாள் பயந்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இருக்குங்க" என்றார் அண்ணன். "உங்க தொகுதிலயும் இருக்கு. நீங்களும் எங்கள மாதிரி வெயில் மயக்கம்னு சொல்லி மறைச்சுக்கிட்டிருப்பீங்க. எனக்காகப் பூத்துல உக்காந்த ஒரு புள்ள இன்னைக்கு எந்திரிக்க முடியாமக் கெடக்குறான். அவன் கெட்டவன் இல்லங்க, நோயாளி. அவனப் புடிக்கப் போலீசு வேணாம், படுக்க வெச்சுப் பாக்க ஒரு வார்டு வேணும். அடுத்த புள்ள விழுகுறதுக்கு முந்திப் பள்ளிக்கூடத்துலயே தடுக்க ஆளு வேணும். கட்சி பாக்காம எல்லாரும் சேந்து கேளுங்க. எல்லாத் தாலுகா ஆஸ்பத்திரிக்கும் கேளுங்க."

கேள்வி கேட்ட அந்த எதிர்க்கட்சிக்காரரே மேசையைத் தட்டினார். மணி அடித்தது. அண்ணன் யாரையும் புகழாமல் உட்கார்ந்தார். சரித்திரத்திலேயே முதல் தடவை. பதைத்துப்போய் மறுபடி எழுந்து, "தலைவர் வாழ்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அமைச்சர் பதிலுரையில் இந்த ஆண்டே போதை மீட்புப் பிரிவு தொடங்கும் ஊர்களின் பெயர்களைப் படித்தார். நெடுங்கரை வந்தது. நான் மாடத்தில் உட்கார்ந்து, அக்கம் பக்கம் பார்க்காமல், சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். காவலர் வந்து வெளியே போகச் சொன்னார். போனேன்.

வராந்தாவில் அண்ணன் என்னைப் பார்த்து, "ஏய்யா, நீ எழுதினதுல ஒரு வரிகூடப் படிக்கலன்னு கோவமா?" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "சரி விடு. அடுத்த தடவை மீசைக்கு மை பூசாத படமாக் குடு" என்றார்.

சாயங்காலம் விடுதி அறையில் போன் அடித்தது. அழகு. அவன் எனக்குப் போன் செய்து எத்தனையோ காலமாயிற்று.

"அண்ணே, வாட்ஸ்அப்ல வந்துச்சு. பூத்துல உக்காந்த புள்ளன்னு சொன்னாரே, அது நான்தானே?"

இல்லைடா, பொதுவாகச் சொன்னார் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு பதில் தயாராக வைத்திருப்பவன் நான்.

"நீதான்டா" என்றேன்.

அந்தப் பக்கம் மாடிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அந்த வார்டு வர வரைக்கும் என்னால தாங்க முடியாதுண்ணே. மதுரைக்கே கூட்டிட்டுப் போறியா? வழில நான் எறங்கி ஓடாமப் பாத்துக்க."

மார்ச் 28

மதுரை. நூர்ஜகான் அக்காவின் ஜாஹிர் கூடவே வந்தான். பஸ்ஸில் அழகுவை நடுவில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் நாங்கள். ஜாஹிர் வழியெல்லாம் மாவு புளிக்கும் பதத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான், அழகு ஒரு தடவை சிரித்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் ஜன்னலில் பெயர், வயசு கேட்டார்கள். சொன்னேன். அந்த அம்மா நிமிராமலே, "என்ன செய்யுது?" என்றார்.

"போதை நோய்ம்மா. மாத்திரை. ஊசியாப் போட்டுக்கிறான். என் தம்பி."

மேடைப் பழக்கம், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. செத்தோம் என்று நினைத்தேன். பின்னால் நின்ற பெரியவர், பக்கத்தில் தலை குனிந்து நின்ற பையனின் தோளில் கைவைத்து, "எங்களுக்கும் அதேதான் சார். எந்த ஜன்னல்ல கேக்கணும்னு தெரியாம காலைலருந்து சுத்துறோம்" என்றார்.

அழகு நகர்ந்து அந்தப் பையனுக்குத் தன் பக்கத்தில் இடம் கொடுத்தான்.